தேய்ந்தது தட்டா, முள்ளா?

என்னிடம் ஒரு எல்பி இசைத்தட்டு இருக்கிறது. ஒரு பெண் குரல், பக்கத்தில் ஒரு வயலின், வேறு கூட்டமில்லை. முதல் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வந்ததும் கதை மாறிவிடும். ‘ச’, ‘ஸ’ வருகிற இடமெல்லாம் அந்தம்மா பல் இடுக்கில் காற்றை விட்டுப் பாடுவது போல ‘ஸ்ஸ்’ என்று சீறும். வயலின் மேலே ஏறினால் சொரசொரப்பு. தட்டு பழசு, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் தேய்த்துத் தள்ளியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு முறை கழுவினேன். கழுவிய பிறகும் சீறியது. அதற்குப் பின் கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே எழுந்து போய் முள்ளைத் தூக்கிவிடுவது பழக்கமாகிவிட்டது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குப் பழக்கம். சார் என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுவாக்கில் இதைச் சொல்லப்போக, தட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவர் வீட்டு டர்ன்டேபிளில் அதே பக்கம், அதே கடைசிப் பாட்டு. சீறல் முக்கால்வாசி காணோம். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“தட்டு மேல பழி போடாதீங்க தம்பி. உங்க முள்ளக் கழட்டிக் கொண்டாங்க, பாப்போம்.”

“முள் நல்லாத்தான் சார் இருக்கு. ரெண்டு வருஷம்தான் ஆகுது.”

“நான் வருஷம் கேக்கல. எத்தன மணி நேரம் ஓடிருக்கு?”

பதில் தெரியவில்லை. மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் ராத்திரி ஒரு தட்டாவது முழுசாக ஓடும், விடுமுறை நாளில் நாலைந்து. எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் 900 மணிக்குக் கீழே வரவில்லை. அந்த முள்ளுக்கு அதைச் செய்தவர்களே சொல்லியிருந்த ஆயுள் 300 மணி.

சாரிடம் ஒரு சின்ன மைக்ராஸ்கோப் உண்டு. முள்ளைத் தலைகீழாகப் பிடித்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். புது முள்ளில் வெளிச்சம் ஒரு புள்ளியாக வழுக்கிக்கொண்டு போகும், எங்கும் தங்காது. என் முள்ளில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டையான பரப்பு, அரிசியைக் கல்லில் தேய்த்து வைத்த மாதிரி. விளக்கைக் கொஞ்சம் திருப்பினால் அந்த இரண்டு பரப்பும் பளிச்சென்று கண்ணாடிச் சில்லு போல மின்னின. அந்தப் பரப்புகளின் ஓரத்தில் ஒரு விளிம்பு உருவாகியிருந்தது. வைர விளிம்பு. அதைத்தான் நான் மாதக்கணக்கில் தட்டு தட்டாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பிறகுதான் முள், அதைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்குகிற கார்ட்ரிட்ஜ் என்று எதையும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பல வருஷம் தப்புத் தப்பாக வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஸ்டைலஸ் என்று எழுதினால் என்னமோ நகைக்கடைச் சாமான் மாதிரி இருப்பதால் முள் என்றே எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. ஒரு பக்கம் 20 நிமிஷம் ஓடும் எல்பியில் முள் கடக்கிற பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய 430 மீட்டர். மணிக்கு 1.3 கிலோமீட்டர் வருகிறது. ஆமை வேகம்தான். ஆனால் 900 மணிக்குப் பெருக்கினால் 1,150 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு முனை, ஒரு கிராமுக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு, வழியெல்லாம் தூசியை மிதித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறது. வைரம்தான், ஆனாலும் தேயும். பழைய 78 சுழற்சித் தட்டுக் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. எஃகு முள், ஒரு பக்கம் ஓடியதும் தூக்கிப் போட்டுவிட்டு டப்பாவிலிருந்து அடுத்தது. அந்த அரக்குத் தட்டில் கல்பொடி மாதிரி ஒரு சேர்மானம் கலந்திருப்பார்கள். முள்ளைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்குத் தக்கபடி வடிவமைத்துக்கொள்வது தட்டின் வேலை. வைரம் வந்தபிறகு வேலை தலைகீழாகிவிட்டது. தேய்ந்த முள் தட்டைத் தனக்குத் தக்கபடி செதுக்குகிறது.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன் முதலில் கெடுகிறது? தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் வெளி ஓரத்தில் ஒரு சுற்று பெரிசு, உள்ளே போகப் போகச் சிறிசு. தொடக்கத்தில் முள்ளுக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர்தான். ‘ஸ’ என்கிற சத்தத்தின் சீறல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி ஓரத்தில் அதன் ஒரு அலைக்குக் கிடைக்கிற இடம் 51 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). உள்ளே 21 மைக்ரான். அதே ‘ஸ’, பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கம் தீரப்போகிறதென்று கடைசி நாலு வரியைப் பொடி எழுத்தில் நெருக்கி எழுதுவோமே, அது மாதிரி.

இப்போது முள்ளின் முனை வடிவம் ஏன் முக்கியம் என்பது தானாக விளங்கும். கூம்பு முள் என்று சொல்கிறார்களே, அதன் முனை ஒரு சின்ன உருண்டை. ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அதாவது 30 மைக்ரானுக்கு மேல் விட்டமுள்ள ஒரு கோலிக்குண்டை 21 மைக்ரான் அலைக்குள் இறக்கப் பார்க்கிறோம். இறங்காது. மேலோட்டமாக உருண்டுவிட்டுப் போகும், போகிற வழியில் தன் பங்குக்குக் கொஞ்சம் சத்தத்தையும் சேர்க்கும். நீள்வட்ட முள்ளில், அதாவது எலிப்டிகலில், சுவரைத் தொடுகிற பக்கத்தின் ஆரம் 8 மைக்ரான் அளவுக்குக் குறைகிறது. அதற்கும் மேலே ஷிபாட்டா, மைக்ரோலைன் போன்றவை. மைக்ரோலைனில் பக்க ஆரம் 3 மைக்ரான் வரை வந்துவிடும். ஆனால் பள்ளத்தின் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நீளக் கோடாகத் தொடும். அதனால் எடை ஒரே புள்ளியில் குத்தாமல் பரவுகிறது. தட்டை வெட்டுகிற கருவியின் முனை உளி மாதிரி இருக்கும், உருண்டையாக இருக்காது. உளி போட்ட கோட்டைப் படிக்க உளி மாதிரி ஒரு முனை வேண்டும் என்பதுதான் இந்த வடிவங்களின் சூட்சுமம்.

ஷிபாட்டாவின் பிறப்பு சுவாரசியமானது. 1970களின் தொடக்கத்தில் ஜேவிசி நிறுவனம் ஒரே பள்ளத்தில் நாலு சானல் ஒலியைப் பதியும் சிடி-4 முறையைக் கொண்டுவந்தது. பின்பக்கத்து இரண்டு சானல்களை எடுக்க 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு கடத்தி அலையும் பள்ளத்துக்குள்ளேயே இருக்கும். காது கேட்காத அந்த அலையைச் சாதாரண முள்ளால் படிக்க முடியாது, படித்தாலும் நாலைந்து முறையில் அழித்துவிடும். அதற்காக அங்கே நோரியோ ஷிபாட்டா என்ற பொறியாளர் உருவாக்கிய வடிவம் இது. நாலு சானல் தட்டு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் செத்துப்போனது. முள் மட்டும் பிழைத்துக்கொண்டு இன்றைக்கும் சாதாரண ஸ்டீரியோ தட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சார் வீட்டில் சீறல் குறைந்ததற்கும் இதுதான் காரணம். அவருடையது மைக்ரோலைன். என் முள் சுவரில் எந்த உயரத்தில் உரசித் தேய்த்திருந்ததோ, அதற்கு மேலேயும் கீழேயும் தேயாத பகுதி இருந்தது. நீளக் கோடாகத் தொடுகிற முள் அந்தப் பகுதியையும் சேர்த்துப் படித்திருக்கிறது.

ஆயுள் விஷயத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆடியோ-டெக்னிகா தன் முட்களுக்குக் கொடுக்கிற எண்கள் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வடிவத்துக்கு வடிவம் பிரித்துச் சொல்கிறார்கள்: கூம்பு 500 மணி, நீள்வட்டம் 300, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1,000. நீள்வட்டத்துக்குக் கூம்பைவிடக் குறைச்சல் என்பதைக் கவனியுங்கள். முனை கூர்மையாகிறது, தொடுகிற பரப்பு சுருங்குகிறது, அதனால் சீக்கிரம் தேய்கிறது. ஆர்டோஃபோன் நிறுவனமோ, நன்றாகத் துடைத்துப் பராமரித்தால் 1,000 மணி வரை போகலாம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும். நான் கம்மியானதை எடுத்துக்கொள்கிறேன், என் தட்டுகள் மறுபடி அச்சாகப் போவதில்லை.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மைக்ரோலைன் முள் நீள்வட்டத்தைப் போல இரண்டு மடங்கு விலை இருந்தாலும், மணிக்கு எவ்வளவு என்று வகுத்தால் அதுதான் மலிவு. ஆரம்பத்திலேயே யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சரி, எதை மாற்றுவது, கார்ட்ரிட்ஜையா முள்ளையா? எம்எம் வகையாக இருந்தால் இந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. எம்எம் என்றால் அசையும் காந்தம். அந்தக் காந்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாம் இழுத்துக் கழற்றுகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டில்தான் வைர முனை, அதைத் தாங்குகிற மெல்லிய குழாய், அது ஆடுகிற ரப்பர், மறுமுனையில் காந்தம் எல்லாமே இருக்கின்றன. கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கிற தலைப்பகுதியான ஹெட்ஷெல்லில் திருகி வைத்த உடலில் இருப்பது கம்பிச்சுருளும் நாலு பின்னும்தான். ஆக, முள்ளை மாற்றினாலே கார்ட்ரிட்ஜில் அசைகிற பாகம் முழுவதையும் மாற்றிவிடுகிறோம். உடலில் அசைகிற பாகம் ஏதும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கும்.

இதனால்தான் ஒரே உடலில் பல முள் மாட்டுகிற குடும்பங்களைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கூம்பிலிருந்து ஷிபாட்டா வரை ஒரே உடலில் மாறி மாறிப் பொருந்தும். 78 தட்டுக்கென்றே 3 மில் (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள்கூட அதில் உண்டு. எல்பி முள்ளை 78இன் அகலப் பள்ளத்தில் விட்டால் அது அடியில் கிடந்து குப்பையைத்தான் கிளறும், அதனால் தனி முள் கட்டாயம். ஆர்டோஃபோன் 2எம் வரிசையில் சிவப்பு உடலில் நீல முள்ளை மாட்டலாம். வெண்கலமும் கறுப்பும் தனி ஜோடி. சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகிறபோது வடிவம் இரண்டிலும் நீள்வட்டம்தான். வித்தியாசம், சிவப்பில் ஒரு உலோகத் தண்டின் நுனியில் வைரத்துணுக்கை ஒட்டியிருப்பார்கள், நீலத்தில் தண்டு முழுக்க வைரம். முனையில் எடை குறைகிறது. அவ்வளவுதானே என்று நினைத்தேன். கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மாற்று முள் வாங்குவது தனி அனுபவம். முதல் தடவை நான் சிக்கனம் பார்த்தேன். பிரசித்தமான ஒரு மாடலுக்கு ‘பொருந்தும்’ என்று போட்டு, நீள்வட்ட வைரம் என்று அட்டையில் அச்சடித்து, அசல் விலையில் கால் பங்குக்கு ஒன்று கிடைத்தது. மாட்டினேன், ஓடியது, சந்தோஷப்பட்டேன். நாலு நாள் கழித்து சாரின் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால், நீள்வட்டமாவது ஒன்றாவது, சாதாரண உருண்டை. அதுவும் நேராக நிற்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து பசைக் குழம்பில் மிதந்துகொண்டிருந்தது. “வைரம்னு போட்டது நெசமா இருக்கலாம் தம்பி, மத்ததுக்கு உத்தரவாதம் இல்ல” என்றார்.

வேறு நிறுவனம் செய்த முள்ளென்றாலே மோசம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. 1964இல் தொடங்கிய வி15 வரிசையின் உடல்கள் எத்தனையோ பேர் வீட்டில் இன்னும் கல்லுப் போல இருக்கின்றன. அவர்களுக்கு வேறு வழி என்ன? ஜப்பானின் ஜிகோ அந்த உடல்களுக்கு இன்றைக்கும் முள் செய்கிறது. தையல் ஊசியில் தொழில் தொடங்கிய நிறுவனம் அது. எஸ்ஏஎஸ் என்ற பெயரில் வருகிற அவர்களுடைய மெல்லிய கோட்டு முள்ளைப் பழைய ஷூர் உடலில் மாட்டிக் கேட்டவர்கள், அசலுக்கு ஏங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். யார் செய்தது, முனை என்ன வடிவம், ஒட்டியதா முழு வைரமா, ஆரம் எவ்வளவு என்று நாலு தகவலையும் வெளிப்படையாகப் போடுகிறவர்களிடம் வாங்கலாம். ‘உயர்தர வைர முள்’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் கடந்து போய்விடுவேன்.

இன்னொரு ஆசை வலை, பிரிக்காத பழைய ஸ்டாக். உற்பத்தி நின்றுபோன ஒரு முள், உறைகூடக் கிழியாமல், நாற்பது வருஷமாக யாரோ அலமாரியில் தூங்கியது. நானும் விழுந்திருக்கிறேன். வைரத்துக்கு வயசாகாது, வாஸ்தவம். அதைத் தாங்குகிற ரப்பருக்கு வயசாகும். நான் வாங்கியதில் ரப்பர் இறுகிப்போய், தட்டு சற்று வளைந்திருந்த இடத்தில் முள் ஆட மறுத்துக் குதித்தது. இன்னொருவருக்கு நேர்மாறாக ரப்பர் இளகி, கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசியது. உறை பிரிக்காதது என்பதற்காக யாராவது கூடுதல் விலை கேட்டால், அந்தக் கூடுதல் எதற்கு என்று ஒருமுறை யோசியுங்கள்.

எம்சி பற்றி இரண்டு வார்த்தை. அதில் சுருள் அசையும், காந்தம் நிலையாக இருக்கும். அசைகிற பாகம் லேசு என்பதால் நுணுக்கம் அதிகம் என்பார்கள், பல சமயம் உண்மைதான். ஆனால் எம்எம் 3 முதல் 6 மில்லிவோல்ட் கொடுக்கிற இடத்தில் எம்சி பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைத் தாண்டாது. தட்டிலிருந்து வருகிற மெல்லிய மின்னோட்டத்தைப் பெருக்குகிற ஃபோனோ ஆம்ப் அதை 60 டெசிபல் அளவுக்குத் தூக்க வேண்டும், எம்எம்முக்கு 40 போதும். ஆம்ப்பில் எம்சிக்கு வழி இல்லையென்றால் கார்ட்ரிட்ஜ் விலையோடு கதை முடியாது. முள்ளும் கழற்றி மாட்டுகிற சமாசாரம் இல்லை. தேய்ந்தால் திருப்பி அனுப்பி முனை மாற்ற வேண்டும், அல்லது பழையதைக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். என் கணக்கில், ஒரு சுமாரான எம்சியைவிட நல்ல முனை உள்ள எம்எம் எப்போதும் மேல். இதற்கு ஒரு விதிவிலக்கு இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டெனான் டிஎல்-103. 1962இல் ஜப்பானின் என்ஹெச்கே ஒலிபரப்புக்காக உருவானது. எம்சி, சாதாரணக் கூம்பு முள், தட்டின் மேல் 2.5 கிராம் அழுத்தம். நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கெல்லாம் எதிராக நிற்கிற ஜாதகம். இன்னும் விற்கிறது, கேட்டால் இன்னும் நெஞ்சைத் தொடுகிறது. உள் வளையத்தில் ‘ஸ’ சீறுவது அதிலும் உண்டு, அதை வைத்திருப்பவர்களுக்கு அது காதில் விழுவதில்லை.

டிஎல்-103ஐ எந்த டோன் ஆர்மிலும், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற எந்தக் கையிலும், மாட்டிவிட முடியாது என்பது அடுத்த விஷயம். கார்ட்ரிட்ஜின் ரப்பர் ஒரு ஸ்பிரிங், டோன் ஆர்ம் அதில் தொங்குகிற எடை. இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு வேகத்தில் தானாக ஊசலாடும். அந்த வேகம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவும் நடக்கிற அதிர்வும் ஆட்டிவிடும், மேலே போனால் இசையின் அடித்தளத்தில் கை வைக்கும். கணக்கு சுலபம். டோன் ஆர்மின் பயனுறு எடை (முள் இருக்கிற இடத்தில் உணரப்படுகிற எடை), கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் (ரப்பர் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்கிற அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால் வகுக்க வேண்டும். 12 கிராம் ஆர்ம், 6 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு, நெகிழ்வு 15 என்றால் 9.4 ஹெர்ட்ஸ். பொருத்தம் பிரமாதம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய நிறுவனங்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவது வழக்கம், அந்த எண் சிறிசாகத் தெரியும். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கித்தான் இந்தக் கணக்கில் போட வேண்டும். இது தெரியாமல் நல்ல ஜோடியை நான் ஒருமுறை வேண்டாமென்று தள்ளியிருக்கிறேன்.

கேபிளும் இந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. புது முள் போட்டு, எல்லாம் சரியாகி, மூன்று மாதம் கழித்து அலமாரியை நகர்த்தினேன். டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்புக்கும் தூரம் கூடியதால் நீளக் கேபிள் போட்டேன். அன்று ராத்திரியே ‘ஸ’ மறுபடி பல்லிளித்தது. மறுபடி முள்ளைச் சந்தேகப்பட்டேன். சார் போனிலேயே சிரித்தார். எம்எம் சுருளுக்குத் தூண்டல் அதிகம். அது கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து மேல் ஸ்தாயியில் ஒரு மேட்டை உண்டாக்கும், அந்த இடத்தில் சத்தம் தூக்கலாகும். சுருள் 500 மில்லிஹென்றி என்று வையுங்கள். மொத்த மின்தேக்கம் 150 பிகோஃபாரடாக இருந்தால் மேடு 18 கிலோஹெர்ட்ஸில், பெரும்பாலும் காதுக்கு எட்டாத இடத்தில். 450 ஆகிவிட்டால் அது 10.6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி நேராக ‘ஸ’வின் தலையில் உட்காருகிறது. கார்ட்ரிட்ஜ் தாளில் ‘100 முதல் 200 பிஎஃப்’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி. கேபிள், டோன் ஆர்மின் உள் கம்பி, ஆம்ப்பின் உள்ளீடு மூன்றும் சேர்ந்து அந்த அளவுக்குள் இருக்க வேண்டும். அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளினேன்.

மாட்டுகிற வேலைக்குப் பொறுமை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், காபி குடித்த கை ஆகாது. ஹெட்ஷெல்லிலிருந்து வருகிற நாலு கம்பிகளில் வெள்ளை இடதின் நேர்முனை, நீலம் இடதின் எதிர்முனை, சிவப்பு வலதின் நேர்முனை, பச்சை வலதின் எதிர்முனை. நுனியில் குண்டூசித் தலையளவு கிளிப். அதைப் பின்னில் தள்ளும்போது பிடிவாதம் காட்டினால் தள்ளாதீர்கள். பல்குச்சியை நுழைத்து லேசாக அகட்டிவிட்டுத் தள்ளுங்கள். நான் சாமணத்தால் கம்பியையே பிடித்துத் தள்ளி, பச்சைக் கம்பி கிளிப்பை விட்டுப் பிரிந்து வந்து, இரண்டு நாள் ஒரு காது மட்டும் கேட்டேன். இன்னொன்று, திருகை முறுக்கும்போது முள்ளுக்குக் காவல் மூடி போட்டிருக்க வேண்டும், முடிந்தால் முள்ளையே கழற்றி வைத்துவிட வேண்டும். கேன்டிலிவர், அதாவது முனையைத் தாங்குகிற அந்த மெல்லிய குழாய், வளைந்தால் நிமிர்த்தலாம் என்று எங்கேயாவது படித்தால் நம்பாதீர்கள்.

கோணம் சரி பார்க்கத் தாள் வார்ப்பு கிடைக்கிறது. அதில் தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் இரண்டு புள்ளி, இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டாவதில் சரிசெய்தால் முதலாவது கெடும், முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவது. ஒரு மணி நேரம் போகும். போகட்டும். உள் வளையச் சீறலில் பாதி இந்தக் கோணத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

முள் தட்டை அழுத்துகிற எடையில் நான் செய்த தப்பு எல்லோரும் செய்கிற தப்பு என்று நினைக்கிறேன். 1.8 முதல் 2.2 கிராம் என்று தாளில் இருந்தது. தட்டுக்கு வலிக்கக் கூடாதே என்று 1.4 வைத்திருந்தேன். பின் எடையிலுள்ள எண்ணை நம்பி வைத்ததால், உண்மையில் அது 1.3 என்பது சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிய அன்றுதான் தெரிந்தது. எடை குறைந்தால் முள் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி ஓடாது. பலத்த இடத்தில் சுவரை விட்டு எகிறி மறுபடி வந்து மோதும். இரண்டு கிராமோடு ஒட்டி ஓடுகிற முள்ளைவிட, ஒன்றரைக்குக் கீழே எகிறி எகிறி விழுகிற முள்தான் வினைலைக் கொத்துகிறது. அந்த எல்பியைக் கெடுத்ததில் 900 மணி நேரத் தேய்மானத்துக்குப் பாதிப் பங்கென்றால், என் ஜீவகாருண்யத்துக்கு மீதி.

இப்போது டர்ன்டேபிள் மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. ஒரு பக்கம் ஓடினால் ஒரு கோடு, அஞ்சாவது கோடு குறுக்கே. மூன்று கோட்டுக்கு ஒரு மணி. ஒவ்வொரு பக்கத்துக்கு முன்னாலும் முள்ளைத் தூரிகையால் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் மட்டும். மைக்ரோலைன் முள்ளுக்கு இன்றைய தேதியில் 410 மணி ஆகியிருக்கிறது.

போன வாரம் அந்த முள்ளையும் அந்த எல்பியையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். எங்கும் மின்னவில்லை. பிறகு தட்டைப் போட்டு, இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. வயலின் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சரணத்தில் ஒரே ஒரு சொல்லில், ஒரே ஒரு ‘ஸ’ மட்டும் மெல்லச் சீறிவிட்டு அடங்கியது. எந்த முள் போட்டாலும் அது போகவில்லை. நான் சாரைப் பார்த்தேன்.

“அது அந்தம்மா பாடினதில்ல தம்பி” என்றார். “நீங்க சேர்த்தது.”